எட்டரை மணி ரீடிங்

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேம்மா. பதினோரு வருஷம். பதினோரு வருஷத்துல எனக்கு ஒரு மெமோ வந்தது கிடையாது. ‘இந்த நம்பர் சரியில்லையே, விளக்கம் குடு’ன்னு ஒரே ஒரு கார்டு வந்துச்சுன்னு யாராவது நிரூபிக்கட்டும், இந்தப் பல்செட்டைக் கழட்டி உங்க கையில குடுத்துடுறேன். அடுத்த ஊர்க்காரனுக்கு மாசத்துக்கு ரெண்டு வரும். எனக்கு வராது. இந்தச் சபாநாதன் ரிஜிஸ்டர்னா ரிஜிஸ்டர்தான்.

நல்லாச் சாஞ்சு உக்காருங்க. ஃபேன் இதுக்கு மேல வேகமாச் சுத்தாது. நீங்க குடுத்தனுப்பின கார்டைப் பாத்துட்டு அரசி ஓடி வந்து, “மாமா, உங்களைப் பாக்க டாக்டர் வந்திருக்காங்க”ன்னா. நான் சுகர் ரிப்போர்ட்டை எல்லாம் எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். அப்புறம் பாத்தா நீங்க புயலுக்கு டாக்டராம். என்னத்தைச் சொல்றது, புயலுக்கும் டாக்டர் வந்தாச்சு.

வாசல்ல உங்களைக் கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. வானிலைன்னு சொன்னாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். எங்க கருவேலந்துறையை வாரிச் சுருட்டிக்கிட்டுப் போன புயலுக்கு ஒரு எச்சரிக்கை உண்டா? வடக்கே போகுது, வடக்கே போகுதுன்னே ரேடியோ சொல்லிக்கிட்டிருந்துச்சு. கார்த்திகை மாசம் வருஷா வருஷம் கடற்கரையில மெழுகுவத்தி ஏத்தி ஒரு கூட்டம் போடுவாங்க. அதுல நான் பேசுவேன். “தலைமை ஆபீஸ் நம்மளைக் கைவிட்டுடுச்சு”ன்னுதான் ஆரம்பிப்பேன். முப்பத்தெட்டு வருஷமாப் பேசுறேன். ஜனங்க அழுவாங்க.

நீங்க அந்த ஆபீஸ் இல்லை, ஆராய்ச்சின்னு சொல்றீங்க. சரி. பழைய ரிஜிஸ்டரை எல்லாம் தூசி தட்டி எடுத்து, கம்ப்யூட்டர்ல ஏத்தி, அந்தப் புயலைத் திரும்ப ஓட்டிப் பாக்குறீங்களாம். அன்னிக்கு ஏன் கணிப்பு தப்புச்சுன்னு கண்டுபிடிச்சா, அடுத்து வர்ற புயலை ஒழுங்கா சொல்லலாம்னு. நல்ல காரியம்தான். செத்தவன் வரப்போறதில்லை, இருக்கிறவனாவது பிழைக்கட்டும்.

நீங்க வந்து உக்காந்ததும் என்ன சொன்னீங்க? “சார், இந்தக் கடலோரத்துலயே உங்க ஸ்டேஷன் ரீடிங் மாதிரி சுத்தமான ரீடிங் எங்களுக்குக் கிடைக்கலை”ன்னீங்க. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சும்மா. இத்தனை வருஷத்துல ஒருத்தன் வந்து சொன்னானா? அரசியைக் கூப்பிட்டு, “கேட்டியா, கேட்டியா”ன்னேன். அவளும் சிரிச்சுக்கிட்டே பால் வாங்கப் போனா, உங்களுக்குக் காபி போடணும்னு. அவ போனதுக்கப்புறம் பையைத் தொறந்து இந்த ஜெராக்ஸை எடுத்து வச்சீங்க பாருங்க. ஏழுக்கு நடுவுல கோடு போட்டு ஒரு கையெழுத்து இருக்கே, அது யாருதுன்னு கேட்டீங்க.

அது என் வீட்டுக்காரி. தையல்நாயகி. அதோ மாட்டியிருக்கு பாருங்க போட்டோ. போய் நாலு வருஷம் ஆகுது.

நான்தான் கத்துக் குடுத்தேன். நான் உப்பு ஆபீஸ் குமாஸ்தா. ஆபீஸும் வீடும் ஒரே காம்பவுண்டு. வானிலைக்காரங்க ஊருக்கு ஒரு ஆளைப் பிடிச்சு, கருவி எல்லாம் குடுத்து, வேளாவேளைக்குப் பாத்து எழுதுன்னு சொல்லிட்டுப் போவாங்க. கொல்லையில தெர்மாமீட்டர் வச்ச வெள்ளைப் பெட்டி, மழை அளக்குற குவளை. உள் ரூம் சுவத்துல பாரோமீட்டர். காத்தோட அழுத்தம் பாக்குறது. உங்களுக்குத் தெரியாததா? புயல் கிட்ட வந்தா பாதரசம் இறங்கும். காலையில அஞ்சரை, எட்டரை, பதினொன்னரை, மத்தியானம் ரெண்டரை, சாயங்காலம் அஞ்சரை. பாத்து, ரிஜிஸ்டர்ல எழுதி, அஞ்சஞ்சு எண்ணுச் சங்கேதமா மாத்தி, ஆபீஸ் போன்ல தந்தி ஆபீஸுக்குச் சொல்லணும். நான் உப்பளத்துக்கு ரவுண்டு போற நாள்ல அவ பாத்து வைப்பா. எப்பவாவது.

அஞ்சுல நாலா? எண்ணினீங்களா?

எண்ணியிருப்பீங்க. உங்களுக்கு வேற என்ன வேலை.

சரி, நாலுன்னே வச்சுக்குங்க. ரவுண்டு நிறைய இருந்துச்சு அப்போ. ஆனா ரிஜிஸ்டர்ல கீழ பாருங்க, ‘பார்வையாளர்’னு போட்ட இடத்துல யார் பேர்? என் பேர்தானே. பொறுப்பு என்னோடது. எட்டாவது படிச்சவ அவ. வெர்னியர்னு ஒண்ணு இருக்கு அந்தக் கருவியில, தசமப் புள்ளி பாக்குறது. அது எனக்குப் பிடிபடவே ஒரு மாசம் ஆச்சு. அவளுக்கு மூணு நாள்ல வந்துடுச்சு. வேற சோலி இல்லாதவளுக்கு எல்லாம் வரும்.

ஆனா ரொம்பப் பண்ணுவாம்மா. பாக்குறதுக்கு முன்னாடி கண்ணாடியை நகத்தால ரெண்டு தட்டு. அப்புறம் மூச்சைப் பிடிச்சுக்குவா. மூச்சுக் காத்து பட்டா சூடாயி நம்பர் மாறிடுமாம். குள்ளம் அவ. பாதரசம் கண்ணுக்கு நேரா வரணும்னு தச்சனைக் கூப்பிட்டு ஒரு பலகை பண்ணச் சொல்லி, அது மேல ஏறி நிப்பா. ஏழுக்குக் கோடு போடுறதை நான் திட்டியிருக்கேன். “இது என்னடி புது ஏழு?”ன்னு. “ஒண்ணும் ஏழும் குழம்பிடக் கூடாதுங்க, அங்க உக்காந்து படிக்கிறவங்க பாவம்”னா. அங்க எவன் உக்காந்து படிக்கிறான்னு நான் சிரிச்சேன். இன்னிக்கு நீங்க வந்து படிச்சேன்னு சொல்றீங்க.

அவ இருந்திருக்கணும்.

சரி, அது கிடக்கட்டும். விஷயத்துக்கு வாங்க. நீங்க கேக்குறது அந்தப் புயலன்னிக்குக் காலையில எட்டரை மணி ரீடிங். ஜெராக்ஸ்ல ஆயிரத்து மூணு புள்ளி ஆறுன்னு இருக்கு. ஆனா முன்னாடி இருக்கிற நூறு என் எழுத்து, பின்னாடி இருக்கிற மூணு புள்ளி ஆறு அவ எழுத்து. அசல் ரிஜிஸ்டர்ல அந்த நூறுக்குக் கீழ காகிதம் மெலிஞ்சிருக்கு, யாரோ சுரண்டியிருக்காங்க, விளக்கு வச்சுப் பாத்தா ரெண்டு ஒம்போது தெரியுதுங்கிறீங்க. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி மூணு புள்ளி ஆறு.

யாரோ என்ன யாரோ? நான்தான் சுரண்டினேன். மறைக்க என்ன இருக்கு? அவ தப்பாப் படிச்சுட்டா, நான் திருத்தினேன். பத்து எண் தப்பாப் படிக்கிறது அந்தக் கருவியில சகஜம். புத்தகத்துலயே போட்டிருக்கும்.

நான் சொல்றதைக் கேளுங்க. முந்தின நாள் சாயங்காலம் என் மச்சினன் பெண்டாட்டிக்கு இடுப்பு வலி எடுத்துடுச்சு. மச்சினன்னா அமிர்தலிங்கம், தையலுக்குத் தம்பி. தாய் இல்லாத பிள்ளை, இவதான் இடுப்புல தூக்கி வளத்தது. உப்பளத்துல தண்ணி இறைக்கிற மோட்டார் ஓட்டுற வேலை அவனுக்கு. தலைப்பிரசவம், வீட்டுல வேற பொம்பளை கிடையாது. இவ கிளம்பிட்டா. கிளம்பும்போது, “காலையில அஞ்சரைக்கு நீங்கதான் பாக்கணும், அலாரம் வச்சிருக்கேன், தலைமாட்டுல இருக்கு”ன்னு ரெண்டு தடவை சொன்னா. என்னமோ நான் பச்சைப்பிள்ளை மாதிரி.

பாத்தேன். அஞ்சரைக்கு எந்திரிச்சுப் பாத்தேன். ஆயிரத்து நாலு புள்ளி ரெண்டு. ரிஜிஸ்டர்ல இருக்கு பாருங்க, என் எழுத்து, தெளிவா.

எட்டே கால் போல அவ வந்தா. தொப்பலா நனைஞ்சிருந்தா. “பொம்பளைப் பிள்ளை பொறந்திருக்கு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க”ன்னு ஒரு வார்த்தை. புடவையைக் கூட மாத்தலை. “கடல் சத்தம் ஒரு தினுசா இருக்குங்க”ன்னு சொல்லிக்கிட்டே நேரா உள் ரூமுக்குப் போயிட்டா. நான் கண்ணாடி முன்னால சவரம் பண்ணிக்கிட்டிருந்தேன். நகத்தால தட்டுற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி தட்டுற சத்தம். மறுபடியும் ஒரு தடவை.

“என்னங்க, இங்க வாங்களேன்.”

“என்னன்னு சொல்லு.”

“நீங்களே வந்து பாருங்க.”

நான் போகலை. அவளே ரிஜிஸ்டரைத் தூக்கிட்டு வந்து மேஜையில வச்சா. தொண்ணூத்தி மூணு புள்ளி ஆறு. அதுக்கு மேல் வரியில என்னோட ஆயிரத்து நாலு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சும்மா. மூணு மணி நேரத்துல பத்தரை இறக்கமா? காலை வேளையில பாதரசம் ஒண்ணு ஒண்ணரை ஏறும், அதுதான் வழக்கம். இவ என்னடான்னா பத்தரை இறக்கி வச்சிருக்கா. இதை அனுப்பினா மறு தபால்ல மெமோ வரும். பதினோரு வருஷம் சுத்தமா வச்சிருந்த ரிஜிஸ்டரு.

“பலகை போட்டுக்கிட்டியா?”ன்னேன்.

“போட்டுக்கிட்டேன்.”

“பத்து தப்பாப் படிச்சிருக்கே.”

“இல்லைங்க, மூணு தடவை பாத்தேன்.”

“முழிச்சிருந்த கண்ணு, அப்படித்தான் தெரியும்.”

“அப்ப நீங்க வந்து பாருங்க. நாலு எட்டுதானே?”

நாலு எட்டுதான். நீங்களும் அதைத்தான் கேக்கப் போறீங்க, உங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. போய்ப் பாத்திருக்கலாமேன்னு. மணி எட்டு நாப்பதும்மா அப்போ. எட்டரை ரீடிங்னா எட்டரைக்குப் பாத்ததா இருக்கணும். எட்டு நாப்பதுக்குப் பாத்துட்டு எட்டரைன்னு எழுதினா அது பொய். விதின்னு ஒண்ணு இருக்குல்ல? அதான் போகலை. கையில சவர பிளேடு இருந்துச்சு. ரெண்டு ஒம்போதையும் சுரண்டினேன், நூறு போட்டேன். ஆபீஸுக்குப் போய் போன்ல சொல்லிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

சுரண்டக் கூடாது, அடிச்சுட்டு மேல எழுதணும், அதுவும் விதிதான். தெரியும், தெரியும். அடிச்சா ரெண்டு நம்பரும் தெரியுமே. அதுக்கு ஒரு மெமோ வருமே.

நான் திரும்பி வர்றேன், அமிர்தம் சைக்கிள்ல வந்து நிக்கிறான். கையில கல்கண்டுப் பொட்டலம். இருபத்தி நாலு வயசு. பல்லெல்லாம் தெரிய நிக்கிறான். “அத்தான், எனக்குப் பொண்ணு பொறந்திருக்கு, வாயைத் தொறங்க”ன்னு அவனே ஒரு கட்டியை என் வாயில போட்டான். மழை வலுக்குறதுக்குள்ள மோட்டாரைக் கழட்டி மேல ஏத்தணும்னு முதலாளி சொல்லி அனுப்பியிருந்தான். மோட்டார் ஷெட்டு உப்பளத்துக்கு அந்தக் கடைசியில, கடலை ஒட்டி. போக வர மூணு மூணு ஆறு மைல். வழியில ஒரு மேடு கிடையாது.

“அக்கா போக வேண்டாங்குது அத்தான். கருவி என்னமோ சொல்லுதாம். நீங்க சொல்லுங்க, போகவா வேண்டாமா?”

நான் சொன்னேன். “உங்க அக்காவுக்குத் தூக்கக் கலக்கம்டா. நம்பரை நான் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல, போயிட்டு வா.”

அவன் அக்காவைத் திரும்பிப் பாத்தான். அவ நிலைப்படியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. எத்தனை கோவம் இருந்தாலும் தம்பி முன்னாடி என்னை விட்டுக் குடுக்க மாட்டா, அது அவ சுபாவம். அவன் பொட்டலத்தை அவ கையில குடுத்துட்டு, சைக்கிள்ல ஏறிப் போயிட்டான்.

நான் கேக்குறேன், அவ ஒரு வார்த்தை சத்தமாச் சொல்லியிருக்கலாம்ல? ‘இவர் பாக்கலைடா, நான்தான் பாத்தேன்’னு கத்தியிருக்கலாம்ல? நானா அவ வாயைப் பொத்தினேன்? இதை நான் ரொம்ப நாளா யோசிச்சுப் பாத்திருக்கேன். அவ பேரிலயும் கொஞ்சம் தப்பு இருக்கு.

என்ன, குனிஞ்சு எழுதிக்கிட்டே இருக்கீங்க? இதையெல்லாம் எழுத வேண்டாம். நம்பரை மட்டும் எழுதுங்க.

பதினொன்னரைக்கு நானே போய்ப் பாத்தேன். தொள்ளாயிரத்து எண்பத்தி மூணு. நகத்தால தட்டினேன். அவ தட்டுற மாதிரி தட்டினேன். இன்னும் கொஞ்சம் இறங்குச்சு. அதை ரிஜிஸ்டர்ல எழுதக் கூட இல்லை. போனை எடுத்தா உயிரில்லை. கம்பி அறுந்து போச்சு. வெளியில ஒரு ஆள் நிமிந்து நடக்க முடியலை. பனை மரம் எல்லாம் ஒரே பக்கமா வளைஞ்சு கிடக்கு. தையல் என்னைக் கேக்காமலே இறங்கி ஓடினா. உப்பளத்துப் பாதையில பாதி தூரம் போயிருக்கா. அதுக்கு மேல தண்ணி. ரெண்டு பேர் அவளைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தாங்க. மத்தியானம் ஒரு மணிக்குக் கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு.

பதினாலு பேரும்மா எங்க ஊர்ல மட்டும். பதினாலு பேர். மூணாம் நாள்தான் அமிர்தம் கிடைச்சான். கருவேல முள்ளுக்குள்ள மாட்டிக்கிட்டிருந்தான். அவனைக் கொண்டாந்து போட்டாங்க. இவ அழலை. ஒரு துணியை நனைச்சு அவன் காதுல அடைச்சிருந்த சேத்தைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா. ரெண்டு காதையும் சுத்தம் பண்ணினா. அப்புறம் என்னைப் பாக்காமலே சொன்னா.

“நான் பலகை மேல ஏறி நின்னுதாங்க பாத்தேன்.”

அவ்வளவுதான் சொன்னா. நான், “எந்திரி, ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க”ன்னேன்.

அதுக்கப்புறம் முப்பத்தி நாலு வருஷம் என் கூட இருந்தா. சோறு போட்டா, எனக்கு உடம்புக்கு முடியாதப்ப ராவும் பகலும் பாத்தா. ஒரு நாள், ஒரு சண்டையில கூட, அந்தக் காலையைப் பத்தி அவ வாயைத் தொறந்தது கிடையாது. ஆனா அந்த உள் ரூமுக்குள்ள போகலை. நான் கூப்பிட்டேன். “ரீடிங் பாக்க வாயேன்”னு வாய் விட்டுக் கேட்டேன். “எனக்குக் கண்ணு சரியில்லைங்க”ன்னா. எழுபது வயசு வரைக்கும் கண்ணாடி போடாம ஊசியில நூல் கோத்தவ.

அப்புறம் ஒரு ஏழு வருஷம் நானே பாத்தேன். அதுதான் மோசமா இருக்குன்னு நீங்க சொல்றீங்க. காலையில அஞ்சரை ரீடிங் எல்லாம் முந்தின நாள் நம்பரையே ஒண்ணு ரெண்டு புள்ளி மாத்திப் போட்ட மாதிரி இருக்குங்கிறீங்க. இருக்கும், இருக்கும். காத்து ஒரே மாதிரி அடிச்சா நம்பரும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அரசி வந்துட்டாளா? வாசல் கேட் சத்தம் கேட்டுச்சு. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.

அவதாம்மா அந்தக் குழந்தை. அன்னிக்கு விடியக்காலம் பொறந்தது. மங்கையர்க்கரசின்னு தையல் வச்ச பேர். அவளுக்கு ஒம்போது வயசு இருக்கும்போது பெத்தவளும் காமாலையில போயிட்டா. நாங்கதான் வளத்தோம். எங்களுக்குன்னு ஒண்ணு பொறக்கலை. இப்போ அங்கன்வாடியில வேலை பாக்குறா. எனக்கு மாத்திரை எடுத்து வைக்கிறது, கால் வீக்கத்துக்கு ஒத்தடம் போடுறது எல்லாம் அவதான். பெத்த பொண்ணு பாக்க மாட்டா இப்படி. கடற்கரைக் கூட்டத்துக்கு என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போறதும் அவதான். ரேடியோ தப்பாச் சொன்னதால அப்பா போயிட்டாருன்னுதான் அவளுக்குத் தெரியும். நான் சொல்லித்தான் தெரியும்.

இப்ப நீங்க என்ன கேக்குறீங்க, அதைத் திருப்பிச் சொல்லுங்க. எனக்குப் புரியணும்.

ஓட்டிப் பாத்துட்டீங்க, சரி. ஆயிரத்து மூணு வச்சு ஓட்டினா, புயல் வடக்கே போயிடுது. அன்னிக்கு ரேடியோ சொன்ன அதே இடத்துக்கு. தொண்ணூத்தி மூணு வச்சு ஓட்டினா, நேரா எங்க ஊருக்கு வருது. மணி கூட ஒத்துப் போகுது. ம். சுத்துவட்டாரத்துல அன்னிக்கு வேற நம்பரே இல்லையாக்கும். நாங்க குடுத்தது ஒண்ணுதான் இருந்துச்சாக்கும்.

சரி. ஆனா சுரண்டின நம்பரை அப்படியே எடுத்துக்க உங்க விதி இடம் குடுக்காது. பக்கத்துல இருந்த ஒரு ஆள் சாட்சி சொல்லணும். அதோட அந்த அஞ்சரை மணி நம்பர் இடிக்குது. அஞ்சரைக்கு ஆயிரத்து நாலு உண்மைன்னா, எட்டரைக்குத் தொண்ணூத்தி மூணு இருக்க முடியாது. நான் அன்னிக்குச் சொன்னதையேதான் நீங்களும் சொல்றீங்க. ரெண்டுல ஒண்ணுதான் நிஜம்.

நான் அஞ்சரை நம்பர்தான் சரின்னு சொன்னா?

சொன்னா, அவ படிச்சது தப்புன்னு போடுவீங்க. போட்டுக்குங்க. அவளுக்கு என்ன, அவ போய்ச் சேந்துட்டா.

எல்லாத்துக்குமா?

இல்லைம்மா, இருங்க. இருங்க. ஒரு நம்பர் தப்புன்னா ஒரு நம்பரை எடுங்க. அதுக்காக ஏழுக்குக் கோடு போட்ட அத்தனைக்கும் எதுக்குச் சந்தேகக் குறி? பத்து எண் தப்பாப் படிக்கிற கைன்னு முடிவாயிட்டா, அந்தக் கை எழுதின எதையும் கம்ப்யூட்டர் எடுத்துக்காதா? பதினோரு வருஷத்தையுமா? மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பாத்தாளே. காய்ச்சலோட எந்திரிச்சுப் பாத்திருக்கா. அவ அப்பா செத்த அன்னிக்கு, வீட்டுல ஒப்பாரி நடக்குது, எட்டரைக்கு உள்ள போய்ப் பாத்துட்டு வந்து திரும்ப உக்காந்து அழுதா. அதை எல்லாம் குப்பையில போடுவீங்களா?

போட்டுடுவீங்க.

கொஞ்சம் தண்ணி குடுங்க.

அரசி. அரசி, காபி இருக்கட்டும். அடுப்பை அணைச்சுட்டு இங்க வா. இப்படி வந்து உக்காரு. இல்லை, கீழ வேண்டாம், எனக்கு எதிர்ல நாற்காலியைப் போட்டுக்க. உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன். நீ பேசாம கேளு.

டாக்டரம்மா, எழுதிக்குங்க. எட்டரைக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி மூணு புள்ளி ஆறு. தையல்நாயகி பாத்தது. மூணு தடவை பாத்தது. அது சரியான நம்பர். அதைச் சுரண்டி மாத்தினவன் நான். தலைமை ஆபீஸுக்குப் பொய் நம்பர் குடுத்தவன் நான். அவங்க என் நம்பரை நம்பித்தான் வடக்கேன்னு சொன்னாங்க.

அரசி, உங்க அப்பன் கிளம்புறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டான். போகவா வேண்டாமான்னு கேட்டான். உங்க அத்தை வேண்டாம்னா. நான் போன்னேன். நம்பரை நான் பாத்துட்டேன்னு சொன்னேன். பாக்கலை. நாலு எட்டுல இருந்துச்சு, போய்ப் பாக்கலை. பாத்தா என் குட்டு உடைஞ்சுடும்.

அஞ்சரைக்கு ஒண்ணும் போடாதீங்கம்மா. அந்த இடத்தைக் காலியா விட்டுடுங்க. அலாரம் அடிச்சுது. அணைச்சுட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். எட்டு மணிக்கு மேல எந்திரிச்சு, முந்தின நாள் நம்பரைப் பாத்து ஒரு நம்பரை எழுதினேன். நான் தூங்கிட்டிருந்தேன். அந்த ஆயிரத்து நாலை எந்தக் கருவியும் காட்டலை.

எங்க கையெழுத்துப் போடணும்? இங்கயா? இருங்க. போட்டுடுறேன். கீழ அவ பேரையும் எழுதுங்க. பார்வையாளர்னு போட்டிருக்கிற இடத்துல. அ. தையல்நாயகி. அவ அப்பா பேர் அருணாசலம்.

எங்கம்மா எந்திரிக்கிறே? அரசி? உக்காரும்மா. ஏதாவது சொல்லு. திட்டவாவது செய். அரசி...

போறா.

நீங்க எழுதுங்க. அவ வருவா. வரலைன்னாலும் எழுதுங்க.